ஒட்டிய கடதாசியும் விடுபட்ட முகங்களும்

பாமன்கடையிலுள்ள ஒரு பாடசாலையின் சித்திர அறையில், சில காலத்துக்கு முன், ஒரு பயிற்சியைப் பார்க்கும் வாய்ப்புக் கிட்டிற்று. பிக்காசோ, மத்தீஸ், ஜோர்ஜ் கீற் ஆகியோரது ஓவியங்களின் அச்சுப் பிரதிகள் சுவரில் ஒட்டப்பட்டிருந்தன. மாணவர்கள் அவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுத்து அதன் பாணியில் ஒரு முகத்தை ஆக்கவேண்டும். தூரிகையும் வர்ணமும் மாத்திரமன்றிப் பழைய பத்திரிகை, சாக்குத் துண்டு, சீலைக் கரை, தேயிலைப் பொதியின் வெள்ளித்தாள், நூல், பொத்தான் எனக் கைக்குக் கிட்டிய எதனையும் பயன்படுத்தலாம். கோதுமை மாவிற் காய்ச்சிய பசை ஒரு சட்டியில் நடுமேசையில் இருந்தது. கலப்பு ஊடக உருவப்படம் என்பது பயிற்சிக்கு இட்ட பெயர்.

இரண்டு பாடவேளைகளுள் ஏறத்தாழ முப்பது முகங்கள் உருவாகிவிட்டன. மூக்கு ஒரு திசையையும் கண்கள் மறு திசையையும் நோக்க நின்ற அம்முகங்கள் அழகாகவே இருந்தன. பிள்ளைகளின் கைக்கு அச்சம் இல்லை. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்த நான், "இது யாருடைய முகம்?" என்று கேட்டேன். பெரும்பாலான பிள்ளைகள் தயக்கமின்றி, "பிக்காசோ, சேர்" என்று விடை கூறினர்.

அருகில் நின்ற ஆசிரிய நண்பர், "பார்த்தீர்களா, எல்லாம் கொப்பி" என்று சலித்துக்கொண்டார். கொப்பி என்பது எனக்குப் பெரிய குற்றமாகப் படவில்லை. எழுதப் பழகும் பிள்ளை ஆசிரியர் எழுதிய அரிச்சுவடியின் மேலேதான் விரலை ஓட்டுகின்றது. என்னை உறுத்தியது வேறொன்று. முகம் யாருடையது என்ற கேள்விக்கு, அம்முகத்தை முதலில் தீட்டிய கலைஞனின் பெயர் விடையாகிவிட்டதே, அது எவ்வாறு நேர்ந்தது? இவ்விடை பிள்ளைகளின் தவறன்று. அதற்கு ஒரு சரித்திரம் உண்டு. அச்சரித்திரத்தின் ஒரு பகுதி, அந்தப் பாடசாலையிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்திலேயே நிகழ்ந்திருக்கின்றது.

ஒட்டுச்சித்திரத்தின் கதையை 1912 ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவது வழக்கம். அவ்வாண்டில் பிக்காசோ, பிரம்புக் கதிரையின் பின்னலை அச்சிட்ட மெழுகுசீலைத் துண்டொன்றைத் தன் ஓவியத்தில் ஒட்டி, அதனைச் சுற்றிக் கயிற்றினாற் சட்டமிட்டான். அவன் நண்பன் பிராக் மரத்தின் ரேகைகள் அச்சிட்ட கடதாசியை வெட்டி ஒட்டினான். ஐந்நூறு ஆண்டுகளாக ஐரோப்பிய ஓவியன் பொருள்களைப் போலத் தோன்றும்படி தீட்டிக்கொண்டிருந்தான். இப்போது பொருளே வந்து படத்தில் அமர்ந்துகொண்டது. அவ்வாண்டின் இறுதியில் பிக்காசோ ஒட்டிய பத்திரிகைத் துண்டுகளுட் பல, அப்போது நடந்துகொண்டிருந்த போல்கன் யுத்தத்தின் செய்திகளைத் தாங்கியவை. மேசையின் மீது போத்தலும் கிண்ணமும் இருக்கின்றன. அவற்றின் பின்னே யுத்தம் இருக்கின்றது. இது தற்செயலா, திட்டமா என்று விமரிசகர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். எவ்வாறாயினும் உலகம் படத்துக்குள் நுழைவதற்கு ஒரு கதவு திறந்துவிட்டது.

அக்கதவின் வழியே துணிந்து நுழைந்தவர்கள் ஜேர்மனியரே. முதலாம் உலக யுத்தத்தின் இடிபாடுகளிடையே பெர்லினில் வாழ்ந்த ஹன்னா ஹோஹ் என்ற பெண், பத்திரிகைகளில் வந்த புகைப்படங்களை வெட்டி 1919 ஆம் ஆண்டளவில் ஒரு பெரும் ஒட்டுச்சித்திரத்தை ஆக்கினாள். முடியிழந்த கைசரும் தளபதிகளும் ஒருபுறம் நிற்க, மார்க்ஸ், லெனின், ஐன்ஸ்டைன், கேதே கொல்விட்ஸ் ஆகியோரின் முகங்கள் மறுபுறத்தில் இடம்பெற்றன. அப்படத்தின் தலைப்பில் தான் வெட்டிய கருவி சமையலறைக் கத்தி என்று அவள் குறிப்பிட்டாள். ஓவியச் சாலையின் கருவி எதுவும் வேண்டாம், அடுக்களையில் உள்ளதே போதும் என்பதை இதனிலும் கூர்மையாகச் சொல்ல இயலாது.

அவளுடைய நண்பர் கூட்டத்தைச் சேர்ந்த ஜோன் ஹார்ட்பீல்ட், யுத்த வெறியர்கள் மூட்டிய ஆங்கிலேய வெறுப்பைக் கண்டித்து, 1916 இல் தன் ஜேர்மன் பெயரையே ஆங்கிலப் பெயராக மாற்றிக்கொண்டவன். 1930 முதல் தொழிலாளர் படப் பத்திரிகையொன்றில் வெளிவந்த அவனது ஒட்டுப் புகைப்படங்கள் நாஸிகளின் முகமூடியைக் கிழித்தன. 1932 இல் வெளியான படத்தில் ஹிட்லர் மேடையில் முழங்குகின்றான். எக்ஸ்ரே படத்திற் போல அவன் நெஞ்சினுள்ளே நாணயங்களை அடுக்கிய முதுகெலும்பு தெரிகின்றது. பெருமுதலாளிகளின் பொன்னை விழுங்கித் தகரத்தைக் கக்குபவன் என்பது கருத்து. இதுவும் ஓர் உருவப்படமே. ஆயிரம் அரண்மனை ஓவியர்கள் தீட்டிய முகங்களைக் காட்டிலும் இம்முகம் உண்மையானது. அடுத்த ஆண்டு ஹிட்லர் ஆட்சியைக் கைப்பற்றியதும், ஹார்ட்பீல்ட் உயிர் தப்பிப் பிராக் நகருக்கு ஓடவேண்டியதாயிற்று. கத்தரிக்கோலுக்கு அவ்வளவு வலிமை இருந்தது.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லிவைக்க வேண்டும். பலவகைப் பொருள்களைச் சேர்த்து உருவம் சமைப்பது மேனாட்டார் நமக்குக் கற்பித்த வித்தை என்று மயங்குதல் கூடாது. தஞ்சாவூர்ப் படம் என்பது என்ன? பலகையின் மேல் துணி; துணியின் மேல் சுண்ணப் பூச்சு; அதன்மேல் வர்ணம், பொன் இழை, கண்ணாடி மணி. மராட்டிய மன்னன் சரபோசியின் காலத்தில் கடவுளர் படங்களோடு மன்னர்களின் உருவப்படங்களும் அம்முறையில் எழுந்தன. 1894 இல் தொடங்கிய ரவிவர்மாவின் அச்சகத்திலிருந்து மலிவுப் படங்கள் வீடுதோறும் வந்து சேர்ந்தபோது, நம் பெண்கள் அவற்றைச் சும்மா மாட்டிவைக்கவில்லை. இலட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் உண்மையான பட்டுத் துண்டை வெட்டிச் சேலையாக உடுத்து, சரிகையும் மணியும் தைத்துக் கண்ணாடியிட்டார்கள். பிரபல ஓவியன் ஒருவனின் படத்தை எடுத்துத் தம் கைப்பொருளால் வேறொன்றாக ஆக்கிய அப்பெண்களின் பெயரைக் கலைச் சரித்திரம் எழுதியவர் எவரும் தேடவில்லை. பாரிஸில் நடந்திருந்தால் அதற்கு ஓர் இயக்கப் பெயர் கிடைத்திருக்கும்.

பெயர் விடுபடுதல் என்ற இவ்விடயம் பிக்காசோவிடத்தும் உண்டு. கெற்றூட் ஸ்டைன் என்ற எழுத்தாளரின் உருவப்படத்தை அவன் 1905, 1906 ஆம் ஆண்டுகளில் தீட்டினான். தான் எண்பது, தொண்ணூறு தடவை அவன் முன் அமர்ந்ததாக அவ்வம்மையார் எழுதியிருக்கிறார். இறுதியில் முகத்தை மாத்திரம் அழித்துவிட்டு ஸ்பெயினுக்குச் சென்ற பிக்காசோ, திரும்பி வந்ததும் அம்மையார் எதிரில் இல்லாமலேயே முகத்தைத் தீட்டி முடித்தான். அது பழைய ஐபீரியக் கற்சிற்பத்தின் முகம். அடுத்த ஆண்டு, பாரிஸின் நூதனசாலையில் ஆபிரிக்க முகமூடிகளைக் கண்டான். அதன்பின் அவன் தீட்டிய முகங்கள் நாம் அறிந்தவை. ஏகாதிபத்தியத்தின் கப்பல்கள் ஆபிரிக்கக் கிராமங்களிலிருந்து அள்ளிவந்த அம்முகமூடிகளைச் செதுக்கியவர்களின் பெயர்களை நூதனசாலையார் எழுதிவைக்கவில்லை. ஆகவே நம் மாணவர் பிக்காசோவைப் பார்த்து ஆக்கும்போது, பிக்காசோ யாரைப் பார்த்து ஆக்கினானோ அந்தப் பெயரற்ற கம்மியனையும் பார்த்து ஆக்குகின்றனர். இதைச் சித்திர ஆசிரியர் ஒரு நிமிடம் சொல்லிவைத்தால் கொப்பி பற்றிய வெட்கம் பிள்ளைகளுக்கு இராது.

இனிக் கொழும்புக்கு வருவோம். இந்த நூற்றாண்டல்ல, சென்ற நூற்றாண்டின் முதற் பாதியில், இலங்கையின் ஓவியம் இலங்கைக் கலைச் சங்கத்தின் கையில் இருந்தது. 1891 இல் தோன்றிய அச்சங்கத்தின் கண்காட்சிகளில், விக்டோரியா மகாராணியின் காலத்து ரசனை, மகாராணி மறைந்து நெடுங்காலமான பின்னும் அரசோச்சிற்று. 1920 களில் சித்திரக் கல்வியின் தலைமைப் பரிசோதகராக விளங்கிய சி. எப். வின்சர் என்ற ஆங்கிலேயரே அதற்கு எதிரான காற்றை முதலில் உள்ளே விட்டவர். பாரிஸில் அன்று நடந்துகொண்டிருந்தவற்றை அவர் இங்குள்ள இளைஞருக்கு எடுத்துரைத்தார். அவருடைய ஊக்கத்தால் வளர்ந்தவர்களுள் ஜோர்ஜ் கீற்றும் ஜெப்றி பீலிங்கும் முக்கியமானோர். வின்சருக்குப் பின் அப்பதவியை ஏற்ற பீலிங், பார்த்து வரையும் பழைய முறையைப் பாடசாலைகளினின்று அகற்றிப் பிள்ளைகள் தம் மனத்திலுள்ளதைத் தாமே தீட்டும் முறையைக் கொணர்ந்தார். இன்று நம் பிள்ளைகள் அஞ்சாமல் வர்ணத்தை அள்ளிப் பூசுகின்றார்களெனின் அதற்கு ஒரு காரணம் அவர்.

வடக்கிலும் அக்காற்று வீசிற்று. சித்திர வித்தியாதிகாரியாகப் பணியாற்றிய எஸ். ஆர். கனகசபை 1938 இல் யாழ்ப்பாணத்தில் நிறுவிய ஓவியர் கழகத்துக்கு வின்சரின் பெயரையே இட்டார். ஆசிரியர்களே அக்கழகத்தின் முதுகெலும்பாக இருந்தனர்.

கொழும்பின் புதிய ஓவியத்துக்கு நடுநாயகமாக நின்றவர் லயனல் வென்ற். இலண்டனில் சட்டமும் பியானோவும் கற்றுத் திரும்பிய அவர் கடைசியில் புகைப்படக் கலைஞரானார். புகைப்படத்தாளின் மீது நேரே பொருள்களை வைத்து ஒளிபாய்ச்சுதல், இரு எதிர்ப்படிவங்களை இணைத்தல், பாதி கழுவிய படத்தில் மீண்டும் ஒளிபடச் செய்து வெளிக்கோடுகளை மாற்றுதல் முதலாக மான் ரே பாரிஸில் செய்த சோதனைகளை அவர் கொழும்பின் இருட்டறையிற் செய்துபார்த்தார். 1943 ஆகஸ்ட் 29 ஆம் நாள் அவருடைய இல்லத்திலே கூடிய ஓவியர்கள், பின்னர் '43 குழு எனப் பெயர் பெற்றனர். கீற், பீலிங், ஐவன் பீரிஸ், ஹரி பீரிஸ், ஜஸ்டின் தெரணியகல, ஜோர்ஜ் கிளாசன், றிச்சட் கேப்ரியல், ஓப்றி கொலற், மஞ்சுசிறி ஆகியோர் அதில் இருந்தனர். முதற் கண்காட்சி அவ்வாண்டு நவம்பரில் நடைபெற்றது. அடுத்த ஆண்டு டிசம்பரில் வென்ற் காலமானார்.

இக்குழுவினர் பாரிஸைக் கொப்பியடித்தனர் என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. அது பாதி உண்மை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கீற் கியூபிசக் கோட்டைக் கற்றார். அக்கோட்டினால் புத்தர் சரிதையையும் ராதா கிருஷ்ணரையும் தீட்டினார். அப்போது பிக்குவாக இருந்த மஞ்சுசிறியின் தொண்டோ கொப்பி என்ற சொல்லுக்கே மரியாதை தேடித்தந்தது. கிராமந்தோறும் விகாரைகளின் சுவரோவியங்களை அவர் கடதாசியில் பிரதிசெய்தார். மூலங்களுட் பல சுண்ணாம்பு பூசி அழிக்கப்பட்டும் மழையில் கரைந்தும் போயின, பிரதிகள் எஞ்சின.

குழுவினரின் வர்க்கம் எதுவென்பதும் மறைவான செய்தியன்று. பெரும்பாலோர் ஆங்கிலம் பேசும் வசதியான குடும்பங்களிற் பிறந்தோர். எனினும் குடியேற்ற ஆட்சியின் ரசனையை அவர்கள் எதிர்த்தனர்; அதற்குத் துணிவு வேண்டியிருந்தது. இதனை ஒப்புக்கொண்ட பின்னரே, அவர்கள் தீட்டிய முகங்களைப் பார்க்கவேண்டும். ஹரி பீரிஸின் உருவப்படங்களில் அமர்ந்திருப்போர் நண்பர்களும் அறிஞர்களும். அவர்களுக்குப் பெயர் உண்டு. கீற்றின் பெண்களுக்கு அகன்ற கண்ணும் சிற்பத்தின் மார்பும் உண்டு. பெயர் நாயிகை என்பதாகும். வென்றின் கமரா மீனவரையும் உழவரையும் கிராமத்துப் பெண்களையும் பேரன்போடு நோக்கிற்று. அவர்களின் தசையும் வியர்வையும் ஒளியும் படத்தில் உள்ளன. பெயர்கள் பெரும்பாலும் இல்லை.

அக்குழுவின் கண்காட்சி கொழும்பில் நடந்த அதே 1943 நவம்பரில், வங்காளத்தில் சித்தபிரசாத் என்ற கம்யூனிஸ்ற் ஓவியர் மிதுனபுரி மாவட்டத்தில் நடந்து திரிந்தார் என்பதை நினைக்கையில் மனம் ஒரு கணம் நின்றுவிடுகிறது. பஞ்சம் இலட்சக் கணக்கானோரைக் கொன்றுகொண்டிருந்தது. அவர் கையில் மையும் கடதாசியும் மாத்திரம். எலும்பாய்ப் போன மனிதரைத் தீட்டிய அவர், அவர்களின் பெயரையும் ஊரையும் கதையையும் கேட்டு எழுதிக்கொண்டார். அவை சிறு நூலாக அச்சேறியபோது, பிரித்தானிய அரசு பிரதிகளைக் கைப்பற்றி எரித்தது. 5,000 பிரதிகள் அச்சிடப்பட்டதாகக் கூறுவர். ஒரு பிரதி குடும்பத்தாரிடம் தப்பிற்று. அரசு பயந்தது ஓவியப் பாணிக்கு அன்று. பெயரும் ஊரும் உள்ள முகம் சாட்சியாகிவிடும், சாட்சியை எரிக்கவேண்டியிருந்தது.

இப்போது மீண்டும் வெள்ளவத்தைக்கு. 1929 ஆம் ஆண்டில் சிலி தேசத்தின் தூதரகப் பிரதிநிதியாகக் கொழும்புக்கு வந்த இருபத்துநான்கு வயது இளைஞன் வெள்ளவத்தைக் கடற்கரையில் ஒரு சிறு பங்களாவிற் குடியிருந்தான். அவனே பாப்லோ நெரூதா. லயனல் வென்றுடன் நட்புக்கொண்டான். 1930 இல் கீற்றின் கண்காட்சியைப் பற்றி வியந்து எழுதினான். உலகத் தொழிலாளரின் கவியாக அவன் பின்னர் உயர்ந்ததும், அவனுடைய கவிதைகளைத் தமிழாக்கி நம் முற்போக்கு ஏடுகள் வெளியிட்டதும் வாசகர் அறிந்தவையே. நானும் அவற்றைப் படித்து நெஞ்சு விம்மியவன்.

1973 செப்டெம்பரில் நெரூதா மறைந்தான். அடுத்த ஆண்டு வெளிவந்த அவனது நினைவுக் குறிப்புகளில் வெள்ளவத்தை வாழ்வைப் பற்றிய ஒரு பகுதி உள்ளது. அவன் குடியிருந்த பங்களாவின் பின்புறத்தில் வாளிக் கக்கூஸ். நாள்தோறும் விடியலில் யாரோ வந்து அவ்வாளியைச் சுத்தஞ்செய்து போவதை அவன் கண்டறிகின்றான். வருபவர் தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்த ஒரு தமிழ்ப் பெண். இலங்கையில் தான் கண்ட பெண்களுள் பேரழகி என்று அவன் எழுதுகின்றான். அவன் வைத்த பரிசுப் பொருள்களை அப்பெண் திரும்பிப் பாரார், அழைத்தாலும் திரும்பார். ஒருநாட் காலை அவன் அவருடைய மணிக்கட்டைப் பற்றி அறைக்குள் இழுத்துச் சென்றான். அங்கே நடந்ததற்கு வன்புணர்ச்சி என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை. அப்பெண் கண்களை மூடவில்லை, அசையவும் இல்லை. தன்னை அவர் வெறுத்தது சரியே என்று ஒரு வாக்கியத்தில் எழுதிவிட்டுக் கவி வேறு விடயத்துக்குப் போய்விடுகிறான்.

இப்பகுதியில் அப்பெண்ணின் உடலுக்கு அவன் கண்ட உவமை தென்னிந்தியாவின் பழைய கற்சிற்பம். என் கட்டுரைக்கு இது முக்கியம். தன் எதிரே, மறுத்துக்கொண்டு, உயிரோடு நின்ற ஒரு மனிதரை அவனால் ஆயிரம் ஆண்டுப் பழைமையுள்ள கலைப் படைப்பாகக் காண முடிந்தது. கலைப்படைப்பிடம் சம்மதம் கேட்பதில்லை. சிறந்த கலையின் மீது கொண்ட காதலே ஒரு மனிதரின் முகத்தை மறைக்கும் திரையாகிவிட்டது. முகத்தைப் பார்க்கக் கற்றவன் எனத் தன்னை நம்பிய ஒரு கலைஞன், பார்க்காமல் இருப்பதற்குக் கலையையே கருவியாக்கிக்கொண்டான். பிரபல சிற்பத்தின் சாயலில் ஆக்கிய உருவப்படம் என்று இதனைச் சொன்னால், சித்திர வகுப்பின் பயிற்சித் தலைப்பு எனக்குக் காதில் அபசுரமாக ஒலிக்கிறது.

அவன் நம்மவன், ஆகவே பேசவேண்டாம் என்று சில தோழர்கள் கூறக் கேட்டிருக்கிறேன். 2018 இல் சாந்தியாகோ விமான நிலையத்துக்கு நெரூதாவின் பெயரை இடும் யோசனை எழுந்தபோது, இப்பக்கங்களைச் சுட்டி அதனை எதிர்த்தோர் சிலியின் பெண்களே. அவர்களுள் அவன் கவிதையை மனப்பாடமாக அறிந்தோர் இருந்திருப்பர். 2021 இல் சிங்களத் திரைப்பட நெறியாளர் அசோக ஹந்தகம இச்சம்பவத்தை வைத்து 'அல்பொராதா' என்ற படத்தை எடுத்தார். வெள்ளவத்தைத் தமிழர் நாம் நெரூதா நம் கடற்கரையில் வாழ்ந்தான் என்று பெருமை பேசிய அளவுக்கு, வாளி சுமந்து நம் ஒழுங்கைகளில் நடந்த அப்பெண்ணைப் பற்றிப் பேசவில்லை. அவரை வீட்டின் பின்வாசலாலும் வரவிட மறுத்த சாதி சிலியிலிருந்து வந்ததன்று.

அப்பெண்ணின் முகம் எங்கும் இல்லை. பெயரும் இல்லை. ஒரு மைலுக்கும் குறைவான தூரத்தில், பாமன்கடைப் பக்கமாக ஹவ்லொக் வீதியோரத்தில், வெள்ளவத்தை நூல்நூற்பு நெசவு ஆலை புகைந்துகொண்டிருந்தது. 1933 ஆம் ஆண்டில் அங்கு வேலை நிறுத்தம் வெடித்தது. இளம் சட்டத்தரணி கொல்வின் ஆர். டி சில்வா தொழிலாளருக்குத் தலைமை தாங்கினார். பழைய தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்க எதிர்ப்புறம் நின்றார். ஆலையில் மலையாளிகள் உள்ளிட்ட இந்தியத் தொழிலாளர் பெருந்தொகையினராக இருந்ததனால் இனத்துவேஷமும் அதனுடன் சேர்ந்துகொண்டது. இரண்டு ஆண்டுகளின் பின் தோன்றிய சமசமாஜக் கட்சிக்கு அவ்வேலை நிறுத்தம் ஒரு பயிற்சிக் களம். அன்று கொழும்பில் உருவப்படம் தீட்டும் ஆற்றல் உடையோர் பலர் இருந்தனர். தறியின் முன் நின்ற ஒருவரின் முகத்தை அவர்களுள் எவரும் தீட்டி நான் கண்டதில்லை. ஆலை பின்னர் மூடப்பட்டது. அந்நிலத்தில் இன்று ஹவ்லொக் சிற்றி என்னும் வானளாவிய மாடிகள் நிற்கின்றன. பாமன்கடைப் பிள்ளைகளுக்கு அம்மாடிகளைத் தெரியும், ஆலையைத் தெரியாது.

அத்தொழிலாளரின் முகத்தைக் கேட்டது ஓவியனல்லன், அரசே. 1939 இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு இருந்த இந்தியத் தொழிலாளர் வேலையினின்று நீக்கப்பட்டனர். 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத்தின் மக்களை நாடற்றோராக்கிற்று. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மனிதரை எண்ணிக்கைகளாகப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சியோர் பின்னர் பார்த்துக்கொள்ளப்படுவர். கப்பலேறியவரின் கடவுச்சீட்டிலே ஒட்டிய சிறு புகைப்படமே எத்தனையோ பேருக்கு வாழ்நாளில் எடுத்த முதல் உருவப்படமாக இருந்திருக்கும். பசை, கடதாசி, முத்திரை, கைந்நாட்டு, முகம். கலப்பு ஊடகம் என்ற சொல்லை அவர்கள் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள்.

நடுத்தர வகுப்பினரின் முகங்களும் நிலைத்திருக்கவில்லை. 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் பாமன்கடையிலும் தமிழர் வீடுகள் எரிந்தபோது, ஸ்டூடியோவில் திரைச்சீலையின் முன் நின்று எடுத்து, கன்னத்துக்கும் சேலைக்கும் கையாற் சாயம் தீட்டி, கண்ணாடியிட்டு மாட்டிய கலியாணப் படங்கள் எரிந்தன. அகதி முகாமிலிருந்து திரும்பியோர் நகையும் தளபாடமும் போனதைச் சொல்லிவிட்டு, இறுதியாகத் தாழ்ந்த குரலில், "அம்மாவின் படமும் போய்விட்டது" என்பார்கள். வேறு பிரதி இல்லாத ஒரு முகம் எரிவது இரண்டாவது மரணம்.

யாழ்ப்பாணத்தில் ஓவியர் மாற்குவுக்கும் இதுவே நேர்ந்தது. 1933 இல் குருநகரிற் பிறந்து, கொழும்பு அரசினர் நுண்கலைக் கல்லூரியிற் பயின்று, சித்திர ஆசிரியராக வாழ்ந்தவர் அவர். பிக்காசோ உள்ளிட்ட நவீன ஓவியரை ஆழ்ந்து கற்று, ஊடகங்கள் பலவற்றைத் தம் கையிற் பரீட்சித்தார். மாணவர் பலர் அவரிடம் உருவாயினர்; அவர்களே 1987 இல் 'தேடலும் படைப்புலகமும்' என்ற மலரை அவருக்காக வெளியிட்டனர். நகரத்துக் காட்சிச்சாலையும் செல்வந்தரின் ஆதரவும் இன்றி நவீன ஓவியம் வளரமுடியும் என்பதற்கு அவர் சான்று. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது அவரும் வெளியேறினார். ஆயுள் முழுவதும் ஆக்கிய ஓவியங்களுட் பலவற்றை அவ்விடப்பெயர்வில் இழந்தார். 2000 ஆம் ஆண்டில் காலமானார். '43 குழுவின் ஓவியங்களுக்கு, ஹரி பீரிஸ் 1974 இல் நிறுவிய சபுமல் அறநிலையம் பார்ன்ஸ் பிளேசில் ஒரு கூரையை அளித்தது. மாற்குவின் படங்களுக்குக் கூரை இல்லை. இதனைப் பொறாமையோடு எழுதவில்லை. கலையின் சரித்திரத்தில் கூரைக்கும் ஓர் அத்தியாயம் உண்டு என்பதற்காக எழுதுகின்றேன்.

இந்நாட்டில் இன்று மிகவும் அவசரமான உருவப்படங்கள் எவை என்று கேட்டால் நான் ஓவியக் கூடங்களைக் காட்டமாட்டேன். 2017 பெப்ரவரி 20 ஆம் நாள் கிளிநொச்சியில் வீதியோரத்தில் அமர்ந்த காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் கையில் வைத்திருந்தவற்றையே காட்டுவேன். அடையாள அட்டைக்கு எடுத்த சிறு படத்தைப் பெரிதாக்கி, புள்ளிகள் சிதறிய அம்முகத்தின் கீழே பெயரும் திகதியும் எழுதி, வெயிலும் மழையும் படாதிருக்கப் பிளாஸ்ரிக் உறையிட்டு, தடியில் கட்டியிருக்கிறார்கள். சிலர் பூ வைத்திருக்கிறார்கள். சிலர் பூ வைக்க மறுக்கிறார்கள், ஏனெனில் பூ இறந்தவருக்கு. ஹார்ட்பீல்ட் அறிந்திருந்ததை இத்தாய்மார் எந்த ஓவியனிடமும் கல்லாமலே அறிவர். பிள்ளையைத் தேடியபடியே அவர்களுட் பலர் இறந்துவிட்டனர்.

சித்திர அறைக்குத் திரும்புகின்றேன். அடுத்த வாரமும் அப்பாடசாலைக்குச் சென்றேன். ஆசிரிய நண்பர் பயிற்சியைக் கைவிடவில்லை. பிக்காசோவைச் சுவரிலிருந்து கழற்றவும் இல்லை, அது நல்ல காரியம். ஒரு நிபந்தனையை மாத்திரம் சேர்த்திருந்தார். உங்களுக்குத் தெரிந்த ஒருவரின் முகத்தை ஆக்குங்கள். ஒட்டும் பொருள்களுள் ஒன்றாவது அவர் தொட்டுப் பழகிய பொருளாக இருக்கவேண்டும். படத்தின் கீழே உங்கள் பெயருக்கு முன் அவர் பெயரை எழுதுங்கள்.

ஒரு மாணவன் முச்சக்கரவண்டி ஓட்டும் தந்தையை, எண்ணெய்க் கறை படிந்த துடைக்கும் துணியால் ஆக்கினான். கறை தாடியாயிற்று. இன்னொருவன் பழைய வீரகேசரியை வெட்டித் தாத்தாவின் நெற்றிச் சுருக்கங்களை அமைத்தான். உற்றுப் பார்த்தால் அரிசி விலை தெரிந்தது. பின்வரிசையில் இருந்த ஒரு சிறுமியின் படம் முடியவில்லை. மட்டையில் ஒரு பெண்ணின் முகக்கோடு இருந்தது. மூக்கு கியூபிச முறையில் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. தலையிற் கட்டிய துணிக்காக, மாநகரசபையின் நகரசுத்தித் தொழிலாளர் அணியும் சீருடையின் கிழிந்த ஓரமொன்று ஒட்டப்பட்டுக் காய்ந்துகொண்டிருந்தது. கண்கள் இன்னும் இடப்படவில்லை.

"இது யாருடைய முகம், பிள்ளை?" என்று கேட்டேன்.

"அம்மம்மா" என்றாள். பெயரைக் கேட்டேன். சிறிது யோசித்தாள். "வீட்டிலே எல்லாரும் அம்மம்மா என்றுதான் கூப்பிடுகிறது. பேர் என்னவென்று இன்றைக்குப் போய்க் கேட்கவேண்டும், சேர்" என்றாள், படத்தின் அடியில் ஒரு கோட்டைக் கீறி, அதன்மேல் இடம் விட்டு, பசைச் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.